ஒளி எதன்மேல் விழுகிறது?

(திருச்சிராப்பள்ளியில் திருக்கார்த்திகையை ஒட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பொது இடத்தில் ஒளியால் சிற்பம் செய்யும் கலைஞர் எப்படி வேலை பார்க்கிறார் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். விளக்குகளைப் பற்றி நிறையச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கலைஞரின் வேலையில் விளக்கு ஏறக்குறையக் கடைசியில்தான் வருகிறது. வெட்டவெளியில் போகும் ஒளியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நடுவில் தூசி, புகை, நூல், கல், தண்ணீர் என்று ஏதாவது குறுக்கிட வேண்டும். குறுக்கிட்ட இடத்தில்தான் உருவம் பிறக்கிறது. ஆகவே ஒளிச்சிற்பி முதலில் தேடுவது ஒளி விழுவதற்கு ஏற்ற ஒரு பொருளை. இதைத் தெரிந்துகொள்ள நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் மலைக்கோட்டையில் ஏறினால் போதும்.

தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில், பலரும் நிற்காமல் கடந்துபோகும் குடைவரை ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரம். முகப்பு தெற்கே திறந்திருக்கிறது. கருவறை கிழக்குச் சுவரில். அதற்கு நேர் எதிரே, மேற்குச் சுவரில், கங்காதரர். சடையின் ஒரு புரியைப் பிடித்துக் கங்கையை ஏற்கும் சிவன், சுற்றிலும் மண்டியிட்ட அடியார்கள். அந்தச் சுவரில் வெளிச்சம் நேராக வந்து விழுவதில்லை. தெற்கு முகப்பில் நுழைந்து, பார்ப்பவரின் இடது கைப்பக்கத்திலிருந்து கல்லைத் தடவிக்கொண்டு போகிறது. உயர்த்திய கையின் ஒரு விளிம்பில் ஒளி, மறு விளிம்பில் நிழல். பாறையை விட்டு வெளியே வராத உடல், முழு உடலாக எழுந்து நிற்கிறது. கைப்பேசி விளக்கை நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். நிழல்கள் ஓடிவிடும், சிற்பம் சப்பையாகிவிடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகும் வரை கொஞ்சம் காத்திருங்கள். ஒளிச்சிற்பத்தின் பாதிப் பாடம் அந்தச் சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

திருவரங்கத்து ராஜகோபுரத்துக்கும் இதே பாடம்தான். 1987இல் நிறைவுபெற்ற கோபுரம். 236 அடி, 13 நிலைகள். தூரத்திலிருந்து நேராகப் பலத்த ஒளியை அடித்தால் 13 நிலைகளும் ஒட்டிப்போய் ஒரே பலகையாகத் தெரியும். அடிவாரத்திலிருந்து சாய்த்து மேல்நோக்கி ஒளியூட்டினால் ஒவ்வொரு நிலையின் விளிம்பும் தனக்கு மேலுள்ள பகுதியில் நிழலை எறியும். நிலைகளைக் கீழே நின்றே எண்ணலாம். ஒரே விளக்கு, ஒரே மின்சாரம், வேறு கோணம். எத்தனை வாட் என்று கேட்கிற நாம் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்பதில்லை. ஒரு நினைவுச்சின்னத்துக்கு ஒளியூட்டுவதை வெறும் மின்வேலையாக ஏலம் விடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோணத்தைத் தீர்மானிக்கச் சிற்பம் அறிந்த ஒரு கண் அங்கே நிற்க வேண்டும்.

மலைக்கோட்டைக் குடைவரையை அமைத்த பல்லவர்களின் இன்னொரு ஊருக்குப் போவோம். இன்று உலகின் பெரிய நகரங்களில் தெருவுக்கு மேலே, கட்டடங்களுக்கு நடுவே, இரவில் ஒளிர்ந்து அசைகிற பிரம்மாண்டமான வலைச் சிற்பங்களைச் செய்பவர் ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய கலை பிறந்த இடம் நியூயார்க்கும் இல்லை, பாரிசும் இல்லை. நம் மாமல்லபுரம் கடற்கரை.

அப்போது அவர் ஓவியர். 1997இல் ஃபுல்பிரைட் நல்கையில் இந்தியா வந்தவர். ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தனியே அனுப்பிய சாயங்களுக்காக மாமல்லபுரத்தில் காத்திருந்தார். கண்காட்சி நாள் நெருங்கியது, சாயம் வந்து சேரவில்லை. சிற்பிகள் வாழும் ஊராயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கிப் பார்த்தார். பெரிய உருவங்களுக்கு அது கனம். செலவும் கைக்கு அடங்கவில்லை. ஒரு மாலை கடலோரம் நடக்கையில், மீனவர்கள் வலைகளை மணலில் மேடு மேடாகக் குவிப்பதைப் பார்த்தார். நாள்தோறும் பார்த்த காட்சிதான். அன்று அது அவருக்கு வேறாகப் பட்டது. கனமே இல்லாத பொருள், ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு உருவமாக நிற்கிறது.

மீனவர்களோடு உட்கார்ந்து முதல் சிற்பத்தைச் செய்தார். தன் உடலையே மாதிரியாகக் கொண்டு அதற்கு ‘அகன்ற இடுப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். படம் எடுப்பதற்காகக் கம்புகளில் அதைத் தூக்கிக் கட்டியபோது காற்று உள்ளே புகுந்தது. வலையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக நெளிந்தது. அவர் திட்டமிட்டது உருவத்தை மட்டுமே. அசைவைக் கடற்காற்று கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் செய்வதெல்லாம் அந்த மாலையின் தொடர்ச்சிதான்.

இந்தக் கதையில் என்னை நெகிழ வைப்பது அந்த மீனவர்களின் கை. எந்த நூலை எங்கே முடிந்தால் வலை தொய்யும், எங்கே முடிந்தால் விறைக்கும், வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் நீரில் எவ்வளவு இழுவை கூடும் என்பது அவர்களுக்குப் பரம்பரை அறிவு. அதே அறிவுதான் காற்றிலும் வேலை செய்தது. எக்கல்மன் தம் உரைகளில் அவர்களைச் சொல்லத் தவறுவதில்லை. நாம்தான் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு மறுபடி இந்தியா வந்து, அதே மீனவர்களோடு பதினைந்து லட்சம் கைமுடிச்சுகள் கொண்ட ஒரு பெரிய வலையைச் செய்தார். அது ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் சிறிது காலம் தொங்கியது. அதைப் பார்த்த ஒரு நகரமைப்பாளர், போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோவை அடுத்த கடற்கரையில் நிரந்தரமாக ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். ‘நிரந்தரம்’ என்ற சொல் வந்ததும் வேலையின் தன்மையே மாறிவிட்டது. கடலுப்பு, வெயில், புயல் மூன்றையும் தாங்க வேண்டும். ஆனாலும் மெல்லிய காற்றுக்கு அசைய வேண்டும். அப்படிப்பட்ட இழையைத் தேடுவதிலேயே இரண்டு ஆண்டுகள் போயின. வலையைப் பிடித்து நிற்க ஏறத்தாழ 20 டன் எடையில் இரும்பு வளையம். ஓட்டைகள் நிறைந்த, ஓயாமல் அசைகிற ஒரு பொருளின்மேல் காற்று என்ன செய்யும் என்று கணக்கிட அப்போது மென்பொருள் கிடையாது. பந்தயப் படகுகளுக்குப் பாய் வடிவமைக்கும் பீட்டர் ஹெப்பல் என்ற பொறியாளரைப் பிடித்தார். கைமுடிச்சு புயலுக்கு நிற்காது என்பதால், மீன்வலை ஆலையொன்றின் இயந்திரம் எதையெல்லாம் செய்யும், எதைச் செய்யாது என்று படித்து, அந்த இயந்திரத்திலேயே சரிகைப் பின்னல் போன்ற வலையை நெய்ய வைத்தார். 2005இல் சிற்பம் எழுந்தது. அந்தக் கடற்கரையின் புகைபோக்கிகளிலும் கலங்கரை விளக்கங்களிலும் காண்கிற சிவப்பு வெள்ளைப் பட்டைகளே அந்த வலையின் நிறமும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் விளக்கு வருகிறது. வந்த பின்பும் எளிதில்லை. வலையின் பெரும்பகுதி வெற்றிடம். அதன்மேல் வீசும் ஒளியில் பெரும்பங்கு வலைக்கண்கள் வழியே வானத்துக்குப் போய்விடும். நூலில் பட்டுத் திரும்பும் சிறு பங்குதான் சிற்பம். விளக்கை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க, கீழே நடப்பவர் எங்கிருந்து அண்ணாந்து பார்ப்பார் என்று தெரிய வேண்டும். அவர் கண் கூசக்கூடாது. நிறம் அதைவிடச் சிக்கல். நீல நூலின்மேல் சிவப்பு ஒளி விழுந்தால் நூல் கறுத்துப்போகும். வெள்ளை நூல் எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும், பகலில் வெளிறித் தெரியும். ஆகையால் நூலின் சாயத்தையும் விளக்கின் நிறத்தையும் ஒரே மேசையில் வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பகலில் ஒரு சிற்பம், இரவில் வேறொரு சிற்பம். இரண்டும் ஒரே வலையில்.

2009இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரப் பூங்காவில் எக்கல்மன் செய்த 145 அடி உயரச் சிற்பத்தைத் திருச்சிக்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஃபீனிக்ஸ் பாலைவனத்து ஊர். நம் சித்திரை வெயிலையும் மிஞ்சும் வெயில். அங்கே கோடையில் குளிர்ந்த நிறங்களும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நிறங்களும் வருமாறு ஒளியை அமைத்தார். முழு வலைக்கும் ஒளி பாய்ச்சவில்லை. பிறை வளர்ந்து தேய்வதைப் போலச் சில பகுதிகளை இருளில் விட்டார். செலவைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தபோது, வேண்டும் என்று நின்றவர்களும் அந்த நகரத்து மக்களே. பாஸ்டனில் 2015இல் தொங்கவிட்ட சிற்பத்தில் இன்னொரு படி முன்னே போனார். காற்றில் இழைகள் எவ்வளவு இழுபடுகின்றன என்று உணரிகள் அளக்கும். அந்த அளவைப் பொறுத்து ஒளியின் நிறம் மாறும். மாமல்லபுரத்தில் காற்று அசைவைத் தந்தது. பாஸ்டனில் நிறத்தையும் தந்தது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கார்த்திகையன்று கோயில்களில் சொக்கப்பனை கொளுத்துகிறோம். திருவரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளக் கொளுத்துகிறார்கள். சைவக் கோயில்களிலும் உண்டு. பக்தியோடு பார்க்கிறோம், சரி. அதைச் செய்பவரின் வேலையை ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்தவர் இங்கே எத்தனை பேர்? பனந்தண்டை நட வேண்டும். குறுக்குக் கழிகளைக் கட்டிச் சட்டம் எழுப்ப வேண்டும். அதன்மேல் காய்ந்த பனையோலையை அடுக்கிக் கட்ட வேண்டும். கட்டுவதில்தான் சூட்சுமம். இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்று புகாமல் புகைந்து நிற்கும். தளர்த்திக் கட்டினால் ஒரே மூச்சில் பற்றிச் சாம்பலாகிவிடும். கீழே பிடித்த தீ படிப்படியாக ஏறி உச்சியைத் தொட வேண்டும், அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் கூட்டத்தின் முகங்கள் எல்லாம் தெரிய வேண்டும் என்று ஓலை கட்டுபவர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். பொருள், காற்று, நேரம், பார்ப்பவர் நிற்கும் தூரம் ஆகியவற்றை எல்லாம் ஒரு மனிதர் கணக்கில் எடுத்துக்கொண்டு எரிய விடுகிறார். இதைப் பொது ஒளிச்சிற்பம் என்று அழைக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சொக்கப்பனைக்குப் பராமரிப்பு கிடையாது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் லியோ வில்லரியல் என்ற கலைஞர் 2013இல் 25,000 எல்இடி விளக்குகளைக் கட்டினார். கணினியும் கையுமாக இரவில் பாலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து அவற்றின் ஒளி நடையை எழுதினார். அலையும் மூடுபனியும் பாலத்தில் ஏறியது போன்ற அருமையான வேலை. உப்புக்காற்றும் மழையும் வண்டிகளின் அதிர்வும் விளக்குகளைத் தின்றன. 2023 மார்ச்சில் அதை அணைக்க வேண்டியதாயிற்று. பொது இடத்தில் ஒளியை நிரந்தரமாக வைக்க விரும்புகிறவர் முதல் நாளே பழுதுபார்ப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். ஒதுக்க முடியாது என்றால் ஓரிரவுக்கான வேலையைச் செய்யட்டும். பாதி விளக்கு எரிந்து பாதி அணைந்து கிடக்கும் அலங்காரத்தைவிட, பத்து நிமிடம் முழுமையாக எரிந்து முடியும் ஓலைக் கோபுரம் மேலானது. நம் முன்னோர் அடுத்த ஆண்டும் பனையோலை காயும், கட்டத் தெரிந்த கை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை எரித்தார்கள். அந்தக் கை தொடர்ந்து இருப்பதுதான் அதன் பராமரிப்பு.

கார்த்திகையன்று சுற்றும் மாவளியை இன்றைய பிள்ளைகள் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். ஆண்பனையின் பூவைக் குழியில் இட்டுச் சுட்டுக் கரியாக்குவார்கள். அந்தக் கரித்தூளைத் துணியில் முடிந்து, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் மாட்டி, கங்கு வைத்துச் சுற்றினால் தலைக்குமேல் நெருப்புப்பொறி வட்டம் வட்டமாகச் சிதறும். பொறி ஒரு கணத்தில் அணைந்துவிடுகிறது. நம் கண் அதை வட்டமாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. விரைவாகச் சுற்றினால் தட்டு, கையைச் சாய்த்தால் சாய்ந்த தட்டு, மேலே தூக்கினால் குடை. காற்றில் ஒளியால் வரைவதை வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசுகிறார்கள். நம் கிராமத்துச் சிறுவன் பனங்கரியைக் கொண்டு அதைச் செய்தான். இன்று பனையே குறைந்துவிட்டது. மாவளி செய்யத் தெரிந்த தாத்தாக்கள் இருக்கும்போதே அதைப் படம்பிடித்தும் செய்துபார்த்தும் வைக்க வேண்டும் என்று இங்கிருக்கும் கலை மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கார்த்திகைக்கு ஏற்றும் மலைக்கோட்டைத் தீபமும் ஓர் ஒளிச்சிற்பமே. கனத்த துணித்திரியை முன்கூட்டியே கொப்பரையில் இட்டு எண்ணெயில் ஊற வைக்கிறார்கள். 273 அடிப் பாறையின் உச்சியில் ஏற்றிய ஒரே சுடர், சுற்றிலும் சமவெளி என்பதால் ஆற்றுக்கு அக்கரையிலும் தெரிகிறது. ஒரு சுடர் இவ்வளவு தூரம் பேசியதற்குக் காரணம் அதன் பெருமை மட்டுமில்லை, ஊர் இருட்டாக இருந்ததும்தான். இன்று அதே பார்வைக்கோட்டில் விளம்பரப் பலகைகள், துணிக்கடைகளின் எல்இடித் திரைகள். ஒளிக்கலைக்கு வேண்டிய முதல் மூலப்பொருள் இருட்டு. அதை நாம் கேட்பாரின்றிச் செலவழித்துவிட்டோம். கார்த்திகை இரவில் ஒரு மணி நேரமாவது மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள விளம்பர விளக்குகளை அணைக்க வணிகர்கள் முன்வந்தால், பைசா செலவில்லாமல் இந்த ஊருக்கு மிகப் பெரிய ஒளிச்சிற்பம் கிடைத்துவிடும்.

திருச்சியைப் பற்றிப் பேசும்போது செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க் குடும்பங்கள் ஒளியை வெட்டிப் பிழைத்திருக்கின்றன. கல்லின் அடியில் தீட்டும் பட்டைகளின் கோணம் சரியாக இருந்தால், மேலே நுழைந்த ஒளி உள்ளே முட்டித் திரும்பி மேல் வழியாகவே வெளியே வரும், கல் மின்னும். கோணம் பிசகினால் ஒளி அடியில் கசிந்துபோகும், கல் செத்துக் கிடக்கும். இயற்பியல் நூல் இதை முழு அக எதிரொளிப்பு என்கிறது. சாணைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் விரல்நுனியால் அறிகிறார். சீனாவிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய மலிவுக் கற்கள் வந்து குவிந்ததும் இந்தத் தொழில் நொடித்தது. பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒளியைக் கையாளத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில், பூங்காவுக்கு ஓர் ஒளிச்சிற்பம் வேண்டும் என்றால் எங்கோ அச்சடித்து வரும் பிளாஸ்டிக் பூமரத்தை வாங்கி நடுகிறோம். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒரு கலைஞர் திருச்சிக்காக ஓர் ஒளிச்சிற்பம் செய்ய வந்தால் எங்கே தொடங்கலாம்? நான் அவரைக் கோயில்களுக்குள் அழைத்துப் போகமாட்டேன். அங்கே ஏற்கெனவே நிறைவான வேலை நடந்துகொண்டிருக்கிறது. காவிரிக் கரைக்கு அழைத்துப் போவேன். அம்மா மண்டபத்துக்கும் எதிர்க்கரை ஓடத்துறைக்கும் இடையே அகன்று கிடக்கும் அந்த வெளிக்கு. கோடையில் அது மணல், தண்ணீர் வந்தால் கண்ணாடி. மணல் ஒளியைக் குடித்து மங்கலாகத் திருப்பித் தரும். ஓடும் நீர் அதை நீளக் கீற்றுகளாக இழுக்கும். ஒரே சிற்பம் இரண்டு நிலைக்கும் பொருந்த வேண்டும். ஆடிக்காற்று வேறு. அதில் எதைக் கட்டினாலும் போர்ட்டோவில் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேட்டாக வேண்டும். கணக்குப் போட நம் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இரும்பை வளைத்துப் பற்றவைக்கப் பெல் நிறுவனத்துக்குக் கொதிகலன் பாகங்கள் செய்துகொடுத்துத் தேர்ந்த பட்டறைகள் துவாக்குடியைச் சுற்றி இருக்கின்றன. வலை முடிய ஆற்று மீனவர்கள், ஓலை கட்டச் சொக்கப்பனைக்காரர், ஒளியின் கோணம் சொல்லப் பட்டை தீட்டுகிறவர். இவர்களைக் கூலிக்கு அழைத்துப் பயனில்லை. எக்கல்மன் மணலில் உட்கார்ந்தது போல, வடிவம் முடிவாவதற்கு முன்பே அவர்களோடு உட்கார வேண்டும். சிற்பத்தின் அடியில் அவர்கள் பெயரும் பொறிக்கப்பட வேண்டும்.

கரையில் கூடு திரும்பும் பறவைகளையும் கேட்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் விளக்கு அணைந்தே இருக்கட்டும். வானத்தை நோக்கி ஒரு விளக்கும் வேண்டாம்.

வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், சில நாட்களில் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து இங்கே வந்துவிடுகிறது. அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம் சேர்வதற்குள், நிரம்பிய ஆற்றின்மேல் ஒளி எப்படி நீள்கிறது என்று பல இரவுகள் நின்று பார்க்கலாம். ஒரு கோடையின் மணலையும் ஒரு பெருக்கின் நீரையும் பார்த்து முடிக்காமல் யாரும் வரைபடத்தில் விளக்கின் இடத்தைக் குறிக்க வேண்டாம். அதற்கு ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டைக் கொடுக்கச் சம்மதிக்கும் நிர்வாகத்திடம்தான் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.